நூறு ரூபாய் லேசரை வைத்துத் தலைமுடியின் தடிமனை அளப்பது எப்படி

லேசர் என்றதும் பலருக்கு இரும்புத் தகட்டை அறுக்கும் மெஷினோ சினிமா வில்லனின் ஆயுதமோதான் ஞாபகத்துக்கு வருகிறது. தினமும் நம்மைச் சுற்றி வேலை பார்க்கும் லேசர்களில் பல எதையும் அறுப்பதே இல்லை. பில் போடும் இடத்தில் பார்கோடின் கறுப்புக் கோடு ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று பார்க்கின்றன, இன்டீரியர் வேலை செய்பவர் கையில் இருந்தபடி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு எத்தனை அடி என்று சொல்கின்றன, நிலா பூமியை விட்டு வருஷத்துக்கு எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதைக்கூட சென்டிமீட்டர் கணக்கில் கண்டுபிடித்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் லேசர் முதலில் ஒரு அளவுகோல், அப்புறம்தான் மற்றதெல்லாம். இதை வீட்டிலேயே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சோதித்துப் பார்த்துவிடலாம். தலைமுடி ஒன்றின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கப் போகிறோம். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. பூனைக்கு விளையாட்டுக் காட்டவும் பிரசன்டேஷனுக்கும் வைத்திருப்பார்களே, அந்தச் சிவப்பு லேசர் பாயிண்டர் ஒன்று. பட்டனை அமுக்கியே வைத்திருக்க ஒரு துணி கிளிப் அல்லது ரப்பர் பேண்ட். பழைய ஆடியோ சிடி ஒன்று (ஒரிஜினலாகக் கடையில் வாங்கியது, ஏன் என்று கீழே சொல்கிறேன்), முடிந்தால் ஒரு டிவிடியும். செல்லோடேப், கெட்டியான வெள்ளை அட்டை, ஸ்கேல், தையல்காரர் டேப் அல்லது இஞ்ச் டேப், இருட்டாக்கக்கூடிய ஒரு அறை. முடி உங்கள் தலையில் இருக்கிறது, இல்லாதவர்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பட்டனை அமுக்கும் முன்பு

ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை, அப்படியிருக்க ஒரு மில்லிவாட் லேசருக்கு ஏன் இத்தனை எச்சரிக்கை? பல்பின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவிவிடும், அதில் கண்ணுக்குள் போவது துளி. லேசர் கதிரோ மொத்தமாகக் கண்மணிக்குள் நுழையக்கூடியது, நுழைந்ததும் கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் ஊசிமுனை அளவுக்குக் குவித்துவிடும். ஒரு மில்லிவாட்டுக்குள் இருக்கும் கிளாஸ் 2 லேசர் என்றால் கூச்சத்தில் கால் விநாடிக்குள் நாம் கண்ணை மூடிவிடுவோம், அது காப்பாற்றும். அதற்கு மேலே போனால் அந்தக் கால் விநாடியை நம்ப முடியாது.

இந்த வேலைக்குச் சிவப்பு மட்டும் போதும், பச்சை வேண்டவே வேண்டாம். மலிவான பச்சைப் பாயிண்டர் பலவற்றுக்குள் நேரடியான பச்சை லேசர் கிடையாது. 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள (நானோமீட்டர் என்றால் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகச்சிவப்பு லேசர் ஒன்று ஒரு படிகத்தைத் தூண்ட, அது 1064-ல் இன்னொரு அகச்சிவப்பைக் கொடுக்க, அந்த அலைநீளத்தை வேறொரு படிகம் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாகத் தருகிறது. மிச்சமுள்ள அகச்சிவப்பைத் தடுக்க வைக்க வேண்டிய ஃபில்டரைக் காசை மிச்சம் பிடிக்கச் சிலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் என்பதால் அதற்குக் கண் கூசவும் செய்யாது, மூடவும் மூடாது. லேபிளில் எத்தனை மில்லிவாட் என்று போட்டிருக்கிறது என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

மற்றபடி, லேசரை மேஜைமேல் அசையாமல் வையுங்கள், கதிர் உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் போகக்கூடாது, அது போகும் வழியில் கண்ணாடி பீரோ, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் இருக்கக்கூடாது. பையன்கள் யாராவது கூட இருந்தால் பாயிண்டரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். ஜன்னல் வழியாக வண்டி ஓட்டுபவர் மேலோ விமானத்தின் மேலோ அடித்துப் பார்ப்பது விளையாட்டு அல்ல.

முதலில் அந்தப் புள்ளியைப் பாருங்கள்

விளக்கை அணைத்து, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுண்ணாம்புச் சுவரில் லேசரை அடியுங்கள். சுவரில் விழும் புள்ளியைப் பார்ப்பதில் தப்பில்லை, லேசரைத் திரும்பிப் பார்ப்பதுதான் கூடாது. உற்றுப் பார்த்தால் புள்ளி வட்டமாக இல்லாமல் பெரும்பாலும் ஒரு பக்கம் நீண்டு, சின்னக் கோடு மாதிரி இருக்கும். இன்னொன்று, அது வழவழவென்று இருக்காது, ரவையைத் தூவியது போல மினுக்மினுக்கென்று பொடிப்பொடியாகத் தெரியும். தலையை மெதுவாக இடவலமாக அசைத்தால் அந்தப் பொடிகளும் நகரும். கிட்டப்பார்வை இருப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அசைத்தால் பொடிகள் தலைக்கு எதிர்த்திசையில் ஓடும், தூரப்பார்வை என்றால் தலையோடு சேர்ந்தே ஓடும். டார்ச் லைட்டில் இதெல்லாம் நடக்காது.

டார்ச்சுக்கும் லேசருக்கும் என்ன வித்தியாசம் என்றால், டார்ச்சில் ஒவ்வொரு அலையும் தன் இஷ்டத்துக்கு, தன் நேரத்துக்குக் கிளம்புகிறது. லேசரில் எல்லாரும் ஒரே தாளத்தில் கும்மி கொட்டுவது போல அலைகள் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே வருகின்றன. சுவரின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் உங்கள் கண்ணுக்குள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று கூடுகின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்தப் பொடிகள் அதுதான்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கான விதையை 1917-ல் ஐன்ஸ்டைன் போட்டார். சக்தி ஏற்றப்பட்ட ஒரு அணு கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஒளியை வெளியிடும், அது சாதாரண விளக்கு. ஆனால் அது காத்திருக்கும்போதே சரியான அலைநீளமுள்ள ஒரு ஒளித்துகள் அந்தப் பக்கமாகப் போனால், அணு உடனே தன் ஒளியையும் விட்டுவிடும், அதுவும் வந்த துகளின் அச்சு அசலான நகலாக: அதே நிறம், அதே திசை, அதே ஏற்ற இறக்கம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இது பெருக வேண்டுமென்றால் சும்மா இருக்கும் அணுக்களைவிடச் சக்தி ஏறிய அணுக்கள் அதிகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நகல் எடுப்பதைவிட விழுங்குவதுதான் அதிகம் நடக்கும். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட்டு, ஒரு கண்ணாடி வழியாக மட்டும் கொஞ்சம் கசியவிட்டால் அதுதான் லேசர்.

சொல்லும்போது சுலபமாக இருந்தாலும் ஒளியில் இதைச் செய்து காட்ட 1960 ஆகிவிட்டது. அந்த வருஷம் மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன், சுருளாக வளைந்த ஃப்ளாஷ் விளக்கின் நடுவே ஒரு சின்ன ரூபி உருளையை வைத்து முதல் லேசரை எரியவிட்டார். இரண்டே வருஷத்தில், 1962-ல், குறைகடத்தி (செமிகண்டக்டர்) படிகத்திலிருந்தும் லேசர் வந்துவிட்டது. உங்கள் பாயிண்டருக்குள் இருப்பது அந்தப் பரம்பரைதான். சக்தி ஏற்றும் வேலையை பேட்டரியின் மின்சாரம் பார்க்கிறது, கண்ணாடி என்று தனியாக ஒன்று இல்லை, படிகத்தைப் பிளந்த வழவழப்பான முனைகளே கண்ணாடிகளாக இருக்கின்றன. ஒளி வெளியே வரும் வாய் ஒரு பக்கம் அகலமாகவும் இன்னொரு பக்கம் மெல்லிய பிளவாகவும் இருக்கும். குறுகலான பக்கத்தில் ஒளி அதிகமாக விரியும், அதனால்தான் சுவரில் அந்த நீண்ட புள்ளி.

சரி, இப்போது லேசரையே அளப்போம்

முடியை அளக்கும் முன்பு நம் அளவுகோல் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமே. பாயிண்டரின் லேபிளில் 630 முதல் 680 நானோமீட்டர் வரை என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள், அது போதாது. இங்கேதான் சிடி கைகொடுக்கும். ஆடியோ சிடியில் பாட்டு ஒரே சுருள் தடமாகப் பதிந்திருக்கிறது, அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரான். 80 நிமிடம் என்று எழுதியிருக்கும் எழுதும் சிடிகளில் அதிக நேரம் அடைப்பதற்காக இதை 1.5 பக்கம் நெருக்கிவிடுவார்கள், ஒரிஜினல் சிடி கேட்டது அதனால்தான்.

அட்டையின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு மேஜைமேல் நிறுத்துங்கள். அதற்குச் சரியாக 30 சென்டிமீட்டர் தள்ளி, பளபளப்புப் பக்கம் அட்டையைப் பார்த்தபடி சிடியைப் புத்தகங்களில் சாய்த்து நேராக நிறுத்துங்கள். அட்டைக்குப் பின்னாலிருந்து லேசரை ஓட்டை வழியாக விட்டு, சிடியின் மையத்துக்கு நேர் வலப்பக்கத்தில் விழும்படி செய்யுங்கள். அந்த இடத்தில் தடங்கள் மேலும் கீழுமாக ஓடுவதால் புள்ளிகள் இடவலமாக விரியும். சிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நேராகத் திரும்பும் கதிர் வந்த ஓட்டைக்கே போகும்படி கொண்டுவாருங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். கோணம் சரியாக அமைந்ததும் அட்டையில் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் பளிச்சென்று ஒவ்வொரு சிவப்புப் புள்ளி நிற்கும். இரண்டும் ஓட்டையிலிருந்து சமதூரத்தில் இல்லையென்றால் சிடி இன்னும் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம்.

பென்சிலால் குறித்துவிட்டு லேசரை அணைத்து அளங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே 26.6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதில் பாதி 13.3. சிடியிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள சாய்வான தூரம் பித்தாகரஸ் கணக்குப்படி 30-இன் வர்க்கமும் 13.3-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 32.8. இப்போது 13.3-ஐ 32.8-ஆல் வகுத்தால் 0.405, அதை 1.6 மைக்ரானால் பெருக்கினால் 0.648 மைக்ரான், அதாவது 648 நானோமீட்டர். உங்கள் லேசரின் அலைநீளம் அதுதான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் அடங்கும் ஒன்றைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்திருக்கிறோம்.

டிவிடி இருந்தால் அதே இடத்தில் வையுங்கள், ஆனால் அட்டை போதாது. அதன் தட இடைவெளி 0.74 மைக்ரான், எனவே புள்ளி 60 டிகிரிக்கும் மேலே விலகி எங்கோ பக்கவாட்டில் போய் விழும். ப்ளூரே தட்டில் இடைவெளி 0.32 மைக்ரான்தான். அதில் சிவப்பு லேசர் எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் பக்கவாட்டுப் புள்ளியே வராது, சிவப்பு அலைக்கு அந்தத் தடங்கள் இருப்பதே தெரியாது என்று சொல்லலாம். சிடி பிளேயர் 780 நானோமீட்டரிலும் டிவிடி 650-லும் படித்தபோது, ப்ளூரேவுக்கு மட்டும் 405-ல் ஊதா லேசர் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலேயே விளங்கிவிடும். ஒரே அளவுத் தட்டு 700 எம்.பி.யிலிருந்து 4.7 ஜி.பி.க்கும் அங்கிருந்து 25 ஜி.பி.க்கும் போனதில் குட்டையான அலைக்கு முக்கியப் பங்கு உண்டு.

இனி முடி

ஒரு முடியை இழுத்துப் பிடித்து லேசரின் வாய்க்கு நேர் நடுவே, மேலிருந்து கீழாக, இரண்டு முனையிலும் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். முடி தொய்யக்கூடாது. சுவர் 2.5 மீட்டர் தள்ளி இருக்கட்டும், சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். லேசரைப் போட்டால் நடுவில் பளீரென்று ஒரு வெளிச்சமும், அதற்கு இடமும் வலமும் சிவப்பும் இருட்டுமாக மாறிமாறிப் போகும் வரிசையும் தெரியும். ஒன்றும் தெரியவில்லையென்றால் முடி கதிருக்குள் இல்லை. பாயிண்டரை அரை மில்லிமீட்டர் இப்படி அப்படி உருட்டிப் பாருங்கள். மெல்லிசாக ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அறை இன்னும் இருட்டாக வேண்டும்.

முடி ஒளியைத் தடுக்கத்தானே செய்யும், நிழல் விழாமல் வரிசை எப்படி வந்தது? பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். அகலம் ஒன்றாக இருந்தால், பிளவு வழியாக ஒளி போனாலும் தடை ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனாலும் நடுப்புள்ளி தவிர மற்ற இடத்தில் வரிசை ஒரே மாதிரிதான் விழும் என்பது பிரெஞ்சு இயற்பியலாளர் பாபினே கண்ட விதி. முடி மெலிந்தால் வரிசை அகலும், தடித்தால் நெருங்கும். சின்னதை அளக்கப் பெரியதைக் கொடுக்கிறது, இதைவிட வசதியான அளவுகோல் எங்கே கிடைக்கும்.

ஒரே ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் தவறு பெரிதாகிவிடும். இடப்பக்கம் மூன்றாவது இருட்டின் நடுவையும் வலப்பக்கம் மூன்றாவது இருட்டின் நடுவையும் குறித்து, அந்த மொத்தத்தை ஆறால் வகுங்கள். அது 14 சென்டிமீட்டர் என்றால் ஒரு இடைவெளி 23.3 மில்லிமீட்டர். பிறகு, அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுக்க வேண்டும், எல்லாம் மில்லிமீட்டரில்: 0.000648 பெருக்கல் 2500, வகுத்தல் 23.3. விடை 0.0695, கிட்டத்தட்ட 70 மைக்ரான். மனித முடி பொதுவாக 50-க்கும் 100-க்கும் இடையில் வரும். 300 வந்தால் இருட்டுகளை எண்ணியதில் எங்கோ இடறியிருக்கிறீர்கள், அல்லது மீட்டரையும் மில்லிமீட்டரையும் கலந்துவிட்டீர்கள். தூரத்தைப் பாயிண்டரிலிருந்து அளக்காமல் முடியிலிருந்து அளக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வீட்டில் எல்லார் முடியையும் வாங்கிப் பாருங்கள், குழந்தையின் முடியில் வரிசை அகலமாவது கண்ணுக்கே தெரியும். சட்டையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து வைத்தால் மட்டும் குழம்பிப் போகும், நூல் ஒற்றை இழை இல்லை.

மெல்லிய கம்பிகளை இழுக்கும்போதே தொடாமல் தடிமன் பார்ப்பதும், சிமெண்ட் போன்ற பொடிகளின் மணிகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதும் இதே வித்தையின் பெரிய வடிவங்கள்தான்.

இதே அளவுகோல் போன இடங்கள்

இன்னும் இரண்டு மூன்று இடங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. 1969-ல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களைக் குறிவைத்து இங்கிருந்து லேசர் துடிப்பை அனுப்பினால் இரண்டரை விநாடியில் திரும்புகிறது. அந்த நேரத்தை அளந்து அளந்துதான் நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது என்று கண்டார்கள். நம் சந்திரயான் 3-இன் விக்ரமிலும் நாசாவின் சின்னப் பிரதிபலிப்பான் ஒன்று இருக்கிறது; 2023 டிசம்பரில் நிலாவைச் சுற்றும் நாசா விண்கலம் ஒன்று லேசரை அனுப்பி அதனிடமிருந்து பதிலும் வாங்கிவிட்டது.

ஈர்ப்பு அலைகளைப் பிடிப்பதற்காக அமெரிக்காவில் கட்டிய லைகோ ஆய்வகத்தில் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகளில் லேசரைப் பிரித்து அனுப்பித் திரும்பச் சேர்க்கிறார்கள். சுவரில் பார்த்த பொடிகளைப் போலவே, அலைகள் கூடுகின்றனவா அழிகின்றனவா என்பதுதான் அங்கேயும் கேள்வி. 2015 செப்டம்பர் 14 அன்று, புரோட்டானைவிடப் பல நூறு மடங்கு சிறிய ஒரு நீள மாற்றத்தை வைத்து, இரண்டு கருந்துளைகள் மோதியதை அது பிடித்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதேபோல ஒன்று கட்ட 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் தன் விளைவைக் கண்டபோது லேசர் கிடையாது. சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் வைத்துக்கொண்டு, கோடியில் ஒன்றாக நிறம் மாறிச் சிதறும் ஒளியைத் தேடினார்கள். ஒரே நிறத்தில் வலுவாக வரும் லேசர் கிடைத்த பிறகுதான் அது ஆய்வக சாகசமாக இருப்பது போய், மாத்திரை போலியா என்று கையடக்கக் கருவியில் பார்க்கும் அளவுக்கு வந்தது.

வீட்டு ஃபைபர் நெட்டில் வருவதும் லேசர்தான். தூர வழிகளில் 1550 நானோமீட்டர் பக்கம் உள்ள அகச்சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள், கண்ணாடி இழை மிகக் குறைவாக விழுங்குவது அங்கேதான். பதினைந்து கிலோமீட்டர் போனாலும் பாதி ஒளி மிச்சமிருக்கும். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 2020-ல் திறந்த கடலடி கேபிள் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் போகும் கேபிள்களில் நடுநடுவே எர்பியம் என்ற உலோகம் கலந்த இழைத்துண்டுகளை வைத்து, மங்கி வரும் ஒளியைக் கடலுக்கடியிலேயே நகல் எடுத்துப் பெருக்குகிறார்கள். ஐன்ஸ்டைன் சொன்ன அதே நகல்.

அறுக்கிற லேசரைப் பற்றி ஒரே ஒரு கதை. சென்னையில் பிறந்து மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது, 1981 நவம்பரில் நன்றியறிதல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை வேலைக்கு எடுத்துப் போய் 193 நானோமீட்டர் புற ஊதா லேசரால் வெட்டிப் பார்த்தார். பக்கத்துத் திசு கருகவே இல்லை. லேசிக் கண் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. ஒரு துடிப்புக்கு மைக்ரானின் ஒரு பகுதியைத்தான் எடுக்கும் என்பதால், வெட்டுவதிலும் அது அளந்து வெட்டுகிறது.

சோதனை முடிந்ததும் கிளிப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும். பேட்டரி மங்கினால் வரிசையும் மங்கும், புதிது போட்டுவிட்டு அளங்கள். பழைய பட்டன் செல்களை மேஜையில் போட்டு வைக்க வேண்டாம். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.